குர்பானி தோல்: முடி கழலாமல், சிவப்பு விழாமல் உப்பு போடுவது எப்படி?

தென்கரை:
எங்கள் ஜமாஅத்தில் பக்ரீத் மூன்று நாளும் குர்பானி தோல்களை மதரஸாவுக்காகச் சேர்க்கிறோம். வெள்ளாட்டுத் தோல் 300, செம்மறி 80 வரும். விலை படிந்து வண்டி வர மூன்று வாரம்கூட ஆகிவிடுகிறது. உப்பு போட்டுத்தான் அடுக்குகிறோம். ஆனாலும் ஒரு பங்கை "முடி கழலுது, சதைப் பக்கம் சிவப்பு" என்று வியாபாரி ஒதுக்கிவிடுகிறார். தெரிந்தவர்கள் சொல்லவும்: தோலுக்கு எவ்வளவு உப்பு? கழுவிவிட்டுப் போடுவதா, அப்படியேவா? சிவப்பு எதனால்? நல்ல செம்மறித் தோல் 20-ஐ முடியோடு பதனிட்டு விரிப்பாக்கவும் கேட்கிறார்கள். அதற்குத் தனிப் பக்குவம் உண்டா?

ஈரோடு_மண்டி:
பாய், உப்பு எவ்வளவுங்கிறது அப்புறம். அறுத்த நேரத்துக்கும் உப்பு பட்ட நேரத்துக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு முதல்ல பாருங்க. வெயில் காலத்துல நாலு மணி நேரத்துக்குள்ள உப்பு ஏறிடணும். குர்பானி தோல் கெடுறது பெரும்பாலும் உங்ககிட்ட வந்தப்புறம் இல்ல. வீட்டுல பிளாஸ்டிக் பையில சுருட்டி மாடிப்படிக்குக் கீழ சாயங்காலம் வரைக்கும் கிடக்குமே, அங்கதான். உயிர்ச்சூடு வெளியேற வழியில்லாம உள்ளுக்குள்ளயே வேகும். வாங்க வர்ற ஆட்டோவுலயே ஒரு மூட்டை உப்பு இருக்கட்டும். தோலைக் கையில வாங்கினதும் விரிச்சு, சதைப் பக்கம் நாலு கைப்பிடி வீசி, மடிக்காம போடச் சொல்லுங்க.

இடத்துக்கு வந்ததும் நிழல்ல, சதைப் பக்கம் மேல இருக்க, தனித்தனியா விரிச்சு இருபது நிமிஷம் சூடு ஆறவிடுங்க. காது, குளம்பு, வால் எலும்பு, மடி, ஒட்டியிருக்கிற கறித் துண்டு எல்லாத்தையும் நறுக்கிடுங்க. செம்மறிக்கு வால் அடியிலயும் நெஞ்சுலயும் கொழுப்பு கட்டியா இருக்கும். அதுக்கு மேல எவ்வளவு உப்பு கொட்டினாலும் உள்ள இறங்காது, அதனால வழிச்சு எடுத்தே ஆகணும்.

கணக்கு: தோல் எடையில பாதி உப்பு. ஒன்றரை கிலோ வெள்ளாட்டுத் தோலுக்கு 750 கிராம், இரண்டரை கிலோ செம்மறிக்கு ஒண்ணேகால் கிலோ. உங்க கணக்குக்கு முதல் உப்பே 325 கிலோ. மறு உப்புக்கு ஒரு 100 கிலோ. 50 கிலோ மூட்டை ஒன்பது வாங்கி வெச்சுக்குங்க. பண்டிகை அன்னைக்கு உப்புக்கு அலைஞ்சா தோல் காத்திருக்காது.

நடுவுல கொட்டிட்டுப் போயிடுவாங்க, ஓரத்துக்குப் போகாது. கழுத்து, கால் மடிப்பு, தொடை இடுக்கு மூணும் விரலால தேய்ச்சு ஏத்தணும். சுருண்டு கிடக்கிற ஓரம்தான் முதல்ல நாறும்.

பட்டறை_ரசாயனம்:
மண்டிக்காரர் சொன்ன அளவு சரி. காரணத்தையும் தெரிந்துகொண்டால் எங்கே பிசகுகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பச்சைத் தோலில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். உப்பு அந்த நீரை வெளியே இழுக்கிறது. மிச்ச ஈரத்தில் தானும் கரைந்து நிறைகிறது. உள்ளிருக்கும் நீர் முழுக்கச் செறிந்த உப்புநீராக மாறினால் சாதாரண அழுகல் பாக்டீரியா பெருக முடியாது. உப்பு குறைந்தாலோ அடுக்கின் அடியில் நீர் தேங்கி நின்றாலோ செறிவு இறங்கிவிடும். அதனால் அடுக்கைத் தரையில் போடாதீர்கள். மரச் சட்டத்தை ஒரு பக்கம் இரண்டு அங்குலம் உயர்த்திச் சாய்வாக வைத்து, முடி கீழே சதை மேலே என்று மூன்றடிக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். உப்பு எங்கே முழுதாகக் கரைந்துபோயிருக்கிறதோ அங்கே மீண்டும் தூவி, மேலே இருந்ததைக் கீழே வைத்து மாற்றி அடுக்கவும். வெள்ளாட்டுக்கு ஒரு வாரத்தில் பதம் வந்துவிடும்.

முடி கழல்வது: முடிவேரைப் பிடித்திருக்கும் உறையை பாக்டீரியா தின்றுவிடும். பார்வைக்குத் தோல் நன்றாகவே இருக்கும். வயிற்றோரத்திலும் உள்தொடையிலும் ஒரு கொத்து முடியைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள். வேரோடு சுலபமாக வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு உப்பு போட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அப்படிப்பட்டதை உடனே பிரித்துத் தனியாக அடுக்கவும்.

சிவப்பு வேறு விஷயம். உப்பிலேயே வாழப் பழகிய நுண்ணுயிர் அது; உப்பளத்தில் வெயிலில் விளையும் உப்போடு சேர்ந்தே வருகிறது. இரண்டு மூன்று வாரம் சூடான, காற்றோட்டமில்லாத அறையில் தோல் கிடந்தால் இளஞ்சிவப்புத் திட்டாகத் தலைகாட்டும். போன வருடம் உதறிய உப்பை மறுபடி பயன்படுத்துகிறீர்களா? அப்படியென்றால் விதையை நீங்களே தூவுகிறீர்கள். புது உப்பு எடுங்கள். 50 கிலோ மூட்டைக்கு 1 கிலோ போரிக் அமிலம் நன்றாகக் கலந்து போடுங்கள், அறையில் காற்று ஓடட்டும்.

உப்புப் பரல் கடுகளவு இருக்கட்டும். மாவு போன்ற தூள் கட்டிபிடித்து அங்கங்கே நின்றுவிடும். பெரிய கல்லுப்பு உருண்டு ஓடும், அடுக்கின் எடையில் தோலில் குழி பதிக்கும். துருப்பிடித்த தகரம், இரும்பு டிரம் பக்கமே போக வேண்டாம். இரும்புக் கறை பட்ட தோலை ஆவாரம்பட்டையிலோ வாட்டில் மரப்பட்டையிலோ பதனிட்டால் அந்த இடம் கருநீலமாகிவிடும்.

தென்கரை:
பழைய உப்பைத்தான் பாதி கலந்தோம், இப்போது புரிகிறது. கழுவும் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வெயிலில் காயவைத்துவிட்டால் உப்புச் செலவே மிச்சமாகாதா?

ஈரோடு_மண்டி:
வெயில் கூடவே கூடாது. மேல்பக்கம் அப்பளமா காஞ்சிடும், உள்ள ஈரம் மாட்டிக்கிட்டு அழுகும். சூடான சிமெண்ட் தரையில ஈரத்தோலை விரிச்சா வெந்து பசையாயிடும். டேனரியில (தோல் பதனிடுற ஆலையில) ஊறப்போட்டதும் அந்த இடம் ஓட்டையாத்தான் வரும். கைக்குப் பிடிபடாத சேதம்ங்கிறதால வியாபாரி காஞ்ச தோலுக்கு எப்பவுமே விலையைக் குறைச்சுத்தான் கேப்பான்.

கழுவுறது: ரத்தமும் சாணியும் இருந்தா ரெண்டு குவளைத் தண்ணி விட்டு அலசி, கம்புல போட்டு அரை மணி வடியவிட்டு உப்பு போடுங்க.

பட்டறை_ரசாயனம்:
வெள்ளாட்டுக்கு அது சரி. செம்மறியில் ஒத்துக்கொள்ள மாட்டேன். கம்பளி குடிக்கிற தண்ணீர் அரை மணியில் வடியாது. அதுவே உப்பைக் கரைத்து நீர்க்கச் செய்துவிடும். ரத்தம் பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். முடியோடு விற்கப்போகும் தோலென்றால் இன்னும் கண்டிப்பாக.

முடித்தோல்_வேலை:
அந்த 20 தோலுக்கு வருகிறேன். முடியை எடுத்துவிடும் தோலில் லேசான கழற்சியைச் சமாளித்துவிடலாம். முடித்தோலில் ஒரு உள்ளங்கை அளவு சொட்டை விழுந்தாலும் மொத்தமும் போச்சு. ஆகவே முதல் நாள் காலையில் அறுத்ததிலிருந்தே பொறுக்குங்கள். கத்தி வெட்டு இல்லாததாக இருக்க வேண்டும். முதல் கீறலுக்குப் பிறகு கத்தியை வைத்துவிட்டு முஷ்டியால் தள்ளி உரித்த தோலே நல்லது.

ஒரு வாரம் உப்பில் கிடந்தபின் உதறி, லிட்டருக்கு 30 கிராம் உப்பு போட்ட குளிர்ந்த நீரில் ஊறவிடவும். ஆறு மணி நேரம், நடுவில் ஒரு முறை நீர் மாற்றம். இரவு முழுக்க விட்டால் அங்கேயே முடி இளகும். சுண்ணாம்பு நினைப்பே வேண்டாம், அது முடி உதிர்க்கத்தான். ஷாம்பு போட்டுக் கம்பளியை அலசி, வழுவழுப்பான சாய்ந்த மரத்தில் விரித்து, இருபக்கமும் பிடியுள்ள மழுங்கல் கத்தியால் சவ்வை வழிக்கவும். கத்தி சதை நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகட்டும். கறுப்புப் புள்ளியாக முடிவேர் தெரிய ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். வேர் அறுந்தால் மேலே முடி கொத்தாகக் கையோடு வரும்.

படிகாரப் பதம்: 500 கிராம் படிகாரம் 4 லிட்டர் நீரில். 125 கிராம் சலவை சோடாவும் 250 கிராம் உப்பும் 2 லிட்டரில் தனியாக. சோடா நீரைப் படிகார நீரில் மெதுவாக, கலக்கிக்கொண்டே ஊற்றவும். சட்டென்று ஊற்றினால் பொங்கி வழியும். உப்பை விட்டுவிடாதீர்கள், இல்லையேல் தோல் உப்பி, காய்ந்ததும் கொம்புபோல் விறைக்கும். இந்த நீரில் மைதா கலந்து தோசை மாவுப் பதத்தில் சதைப் பக்கம் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசவும். மறுநாள் வழித்து அடுத்த பூச்சு, அதற்கடுத்த நாள் மூன்றாவது. கடைசிப் பூச்சு மூன்று நாள் நிற்கட்டும்.

கழுத்தோரத்தில் சின்னத் துண்டு நறுக்கிப் பாருங்கள். குறுக்குவெட்டு முழுக்க வெள்ளையாக இருந்தால் பதம் இறங்கியிருக்கிறது. நடுவில் கண்ணாடிபோல் ஒரு கோடு தெரிந்தால் இன்னொரு பூச்சு தேவை. பிறகு அலசி, நிழலில் பாதி காய்ந்து மடிப்பில் வெண்மை தெரியும்போது பலகை விளிம்பில் போட்டு இழுக்க வேண்டும். இந்த இழுப்புதான் மென்மை தருகிறது. சோம்பினால் அட்டைதான் மிஞ்சும். முழுக்கக் காய்வதற்குள் சல்ஃபேட்டட் ஆயிலை (நீரில் கலக்கும்படி பக்குவப்படுத்திய எண்ணெய்) வெந்நீரில் கரைத்துச் சதைப் பக்கம் தடவுங்கள். சென்னை பெரியமேட்டில் லெதர் கெமிக்கல் கடைகளில் இந்த ஆயிலைக் கேட்டுப் பாருங்கள். வாங்குபவரிடம் ஒன்று சொல்லிவிடவும்: படிகாரத் தோலைத் தண்ணீரில் துவைத்தால் பதம் கரைந்து வெளியேறிவிடும்.

கால்நடை_உதவி:
இடையில் ஒரு எச்சரிக்கை. செத்த ஆட்டின் தோலை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் வடிந்து திடீரென்று இறந்ததென்றால் அடைப்பான் நோயாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். உடலைக் கிழிக்கவே கூடாது, கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லவும். அந்தக் கிருமியின் வித்துகள் உப்பில் சாகாது. உப்பு போடும் பையன்களுக்குக் கையுறை கட்டாயம், கையில் வெட்டுக்காயம் இருப்பவரை வேறு வேலைக்கு மாற்றுங்கள்.

தென்கரை:
எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு கைர். அடுக்கிலிருந்து வடியும் நீரை என்ன செய்வது? பள்ளிவாசல் பின்னால் கிணறு இருக்கிறது.

பட்டறை_ரசாயனம்:
கிணற்றுப் பக்கமோ தென்னை வேருக்கோ விடவே கூடாது. பாலாற்றங்கரை டேனரிக் கழிவு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பானது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்றும் அங்கே பெரிய தலைவலி இந்த உப்புதான். வடியும் நீரை மரச் சட்டத்தின் தாழ்ந்த பக்கம் பிளாஸ்டிக் தொட்டி வைத்துப் பிடித்து, தார்ப்பாய் மேல் அகலத் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிடுங்கள். மிஞ்சும் உப்பையும் உதறிய உப்பையும் மூட்டை கட்டி, வண்டி வரும்போது டேனரிக்கே அனுப்பலாமா என்று வியாபாரியிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வருடத்துக்கென்று எடுத்து வைக்க வேண்டாம்.