வண்டி இழுக்கும் ஹஸ்கிகள்: மறக்க முடியாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

அல்தாக்காரன்:
வடக்கு நோர்வேயில பதினெட்டு வருசமா இருக்கிறன். ஒவ்வொரு மார்ச்சும் அல்தாவில ஃபின்மார்க் எண்ட நாய்வண்டிப் பந்தய ஓட்டம் தொடங்கிறதைப் பார்க்கப் போவன். வண்டியில ஏறினது இந்த முறைதான். நாய்களை வண்டியில பூட்டேக்க அதுகள் போடுற கூச்சல் தெரியும்தானே, பக்கத்தில நிக்கிறவர் பேசிறது கேக்காது. வண்டியைப் பிடிச்சு வைச்சிருந்த நங்கூரத்தைக் கழட்டின உடன எல்லாம் அடங்கிப் போச்சுது. பனியில சறுக்குக்கட்டை உரசிற சத்தமும் நாய்களின்ர மூச்சும் மட்டும்தான்.

ஆனா எனக்குத் திரும்பத் திரும்ப வாறது வேற. பதினொரு வயசு நாய் ஒண்டு, முந்தி முன்வரிசையில ஓடினது, அதைப் பூட்டாம விட்டுட்டினம். நாங்கள் வெளிக்கிடேக்க அது கத்தேல்லை. தன்ர கூட்டுக் கூரையில ஏறி நிண்டு பார்த்தது. ஒன்றரை மணித்தியாலத்தால திரும்பி வந்தா அதே கூரை, அதே பக்கம் பார்த்தபடி. முதுகில பனி படிஞ்சிருந்தது. இறங்கி வந்து ஓடின ஒவ்வொரு நாயின்ர வாரையும் மணந்து பார்த்தது. வண்டிக்காரர் "இது அந்தப் பேர்போன வண்டி நாய் பால்டோவின்ர பரம்பரை" எண்டு பெருமையாச் சொன்னவர். எனக்குக் கதைக்க ஏலாமப் போச்சு.

ஸ்காபரோ அக்கா:
தம்பி, வாசிச்சு அழுதிட்டன். என்ர கதை என்ர பிழை. பக்கத்து வீட்டில ஒரு சைபீரியன் ஹஸ்கி. ஜூலை வெயிலில அது மூச்சிளைக்கிறதைப் பார்த்து, "பாவம், மயிரை ஒட்ட வெட்டி விடுங்கோ" எண்டு சொன்னது நான்தான். வெட்டிச்சினம். அடுத்த வருசமும் இடுப்புப் பக்கம் சரியா முளைக்கேல்லை, திட்டுத் திட்டாத் தோல் தெரிஞ்சுது. அது இண்டைக்கும் என்னைக் கண்டா வாலாட்டிக்கொண்டு வேலியடிக்கு வரும்.

நெடுவழி:
அல்தாக்காரன், ஒன்னு திருத்தணும். பால்டோவுக்குப் பரம்பரையே கிடையாது, குட்டியா இருக்கும்போதே அதுக்குக் கருத்தடை பண்ணிட்டாங்க. 1925-ல அலாஸ்காவுல இருக்கிற நோம் ஊருக்குத் தொண்டை அடைப்பான் மருந்தை நாய் வண்டிகள் மாத்தி மாத்திக் கொண்டுபோன 674 மைல்ல பால்டோ முன்னால ஓடினது கடைசிப் பகுதி, சுமார் 55 மைல். செப்பாலாங்கற வண்டிக்காரரோட நாய் டோகோ போக வர 260 மைல் ஓடிச்சு, நார்டன் வளைகுடாவோட உறைஞ்ச கடலையும் தாண்டிச்சு. நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல சிலை வச்சது பால்டோவுக்கு. எனக்கு இது ஆறவே மாட்டேங்குது. செப்பாலா உங்க வடக்கு நார்வேயில பிறந்தவர்தான். வம்சம் விட்டுப் போனது டோகோ. இன்னொன்னு, நீங்க சொன்ன ஃபின்மார்க் ஓட்டத்துல ஓடுறது பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கி. அது வேகத்துக்காகக் கலந்து வளர்த்தது, சைபீரியன் மாதிரி பதிவான இனம் இல்லை. சைபீரியன், சைபீரியாவோட வடகிழக்கு மூலையில இருக்கிற சுக்சி மக்கள் வளர்த்த நாய். அது நோமுக்கு முதல்ல வந்தப்போ "சைபீரிய எலி"ன்னு கேலி பண்ணினாங்க. 1910-ல 408 மைல் பந்தயத்தை ஜெயிச்சதும் வாயடைச்சுப் போனாங்க.

அக்கா, நீங்க கேக்கலைன்னாலும் சொல்றேன், வளர்க்கிறவங்க யாராவது படிப்பாங்க. ஹஸ்கிக்கு ரெண்டு அடுக்கு ரோமம். உள்ளே பஞ்சு, வெளியே நீட்டு மயிர். வெளி அடுக்கு வெயிலையும் தடுக்குது, அதனால சிரைக்கவே கூடாது. வருஷத்துக்கு ரெண்டு தடவை உள் பஞ்சு கொத்துக் கொத்தா உதிரும், அப்போ தினம் சீவி எடுங்க. கோடையில விடிகாலையில மட்டும் ஓட்டுங்க. வேலி ஆறடி வேணும், அடியில மண்ணுக்குள்ள கம்பிவலையும் போடுங்க, தோண்டிட்டுப் போயிடும். கயிறில்லாம வெளியே விடவே விடாதீங்க, எவ்வளவு பழக்கினாலும் ஓட ஆரம்பிச்சா கூப்பிட்டா திரும்பாது. திருடன் வந்தாலும் வாலாட்டும், காவலுக்கு எதிர்பார்க்காதீங்க. உடம்புக்குச் சாப்பாடு கம்மியாத்தான் வேணும், தட்டுல மிச்சம் வச்சா நோய்னு பயப்படாதீங்க.

என் அனுபவமா? நான் வளர்த்தது ஒன்னுதான். கதவு சரியா சாத்தாத ஒரு நாள் ஓடிப்போச்சு, நெடுஞ்சாலைப் பக்கம். அதனாலதான் இவ்வளவு எழுதறேன்.

பனிக்காலம்:
அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் படித்தபோது நாய் வளர்க்கும் ஒரு வீட்டில் இரவு தங்கினேன். மைனஸ் 35 டிகிரி குளிர். காலையில் எழுந்து பார்த்தால் முற்றத்தில் நாய்களே இல்லை, வெள்ளை மேடுகள் மட்டும். செத்துவிட்டன என்று நினைத்து உள்ளே ஓடினேன். அந்த அம்மா தீனி வாளியை ஒரு தட்டுத் தட்டினார். மேடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து உதறின. வாலை மூக்கின் மேல் போர்த்திச் சுருண்டு படுத்திருக்கின்றன. முதுகில் கிடந்த பனி உருகக்கூட இல்லை, உடம்புச் சூடு துளியும் வெளியே போகவில்லை. முதுகின் பனியைத் தட்டிவிட்டு ரோமத்துக்குள் விரல் விட்டேன், அடியில் கதகதவென்று இருந்தது. அந்தச் சூடு இன்னும் கையில் இருக்கிறது.

அல்தாக்காரன்:
நெடுவழி அண்ணை, பால்டோ விசயம் நீங்கள் சொல்லித்தான் தெரியும், நன்றி. உங்கட நாய்க்கு நடந்ததை வாசிக்கக் கஷ்டமா இருக்கு.
அந்தக் கிழட்டு நாயைப் பற்றி நேற்று ஃபோன் பண்ணிக் கேட்டனான். சுற்றுலா ஆக்கள் இல்லாத நாளில வெறும் வண்டியில பூட்டி நாலு கிலோமீட்டர் விடுறவையாம். வாற செவ்வாய்க்கிழமை போறன்.