ஏசிஎல் லாங் பேப்பர்: 11 பக்க வரைவை 8க்குள் அடக்குவது எப்படி?

குறில்நெடில்:
தமிழ் டிபென்டன்சி பார்சிங் (வாக்கியத்தில் எந்தச் சொல் எதைச் சார்ந்தது என்று கணினி கண்டறிவது) பேப்பரை ஏசிஎல் என்ற கணினி மொழியியல் மாநாட்டுக்கு, அதன் ரிவ்யூ அமைப்பான ஏஆர்ஆர் வழியாக அனுப்பப் போகிறேன். தரவு யுடி தமிழ்-டிடிபி, அதாவது சொல்லுறவு குறிக்கப்பட்ட வாக்கியத் தொகுப்பு. வரைவு 11 பக்கம் ஓடுகிறது, ரிலேட்டட் வொர்க் மட்டுமே இரண்டரை. எங்கே கை வைக்கலாம்?

மெய்ப்புள்ளி:
ரிலேட்டட் வொர்க்கில்தான். முக்கால் பக்கம் போதும். இன்னார் இதைச் செய்தார் என்ற பட்டியலை எடுத்துவிட்டு, அவர்கள் விட்டதில் எதை நீங்கள் எடுக்கிறீர்கள் என்று காட்டும் வரிகளை மட்டும் வையுங்க.

அறிமுகம் ஒன்றேகால் பக்கம். அதன் கடைசியில் பங்களிப்புகள் இரண்டோ மூன்றோ. ஒவ்வொன்றும் எந்த அட்டவணையில் நிரூபணமாகிறது என்ற சுட்டோடு. சுட்ட இடமில்லையா, வெட்டிடுங்க. மெத்தட் ஒன்றரை, சோதனை அமைப்பு ஒன்று, முடிவுகள் ஒன்றரை.

மிச்சத்தில் பெரும்பகுதி பிழை ஆய்வுக்கு. ‘நேற்று வந்த பையன் போனான்’ என்பதில் ‘நேற்று’வை ‘வந்த’வோடு சேர்க்காமல் ‘போனா’னோடு பார்சர் சேர்க்கிறதா? பெயரெச்சத் தொடர்களில் இது எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணிக் காட்டுங்க. சராசரி எண் சொல்லாததை இது சொல்லும்.

ஹைப்பர்பாராமீட்டர் (பயிற்சிக்கு நாம் வைக்கும் அமைப்பு எண்கள்) எல்லாம் அப்பெண்டிக்ஸுக்கு. அதை ரிவ்யூவர் படித்தே ஆகணும் என்றில்லை, அதனால் முக்கிய ஆதாரத்தை அங்கே ஒளிக்காதீங்க. ஏற்கப்பட்டால் கிடைக்கும் கூடுதல் பக்கத்தை நம்பியும் எழுதாதீங்க. அது ரிவ்யூவர் கேட்டதைச் சேர்க்கவே சரியாப் போகும்.

அளபெடை:
டிடிபி மொத்தமே 600 வாக்கியம், டெஸ்டில் 120தான். எல்ஏஎஸ் (சார்புச் சொல்லும் உறவுப் பெயரும் சரியாக வந்த சொற்களின் சதவீதம்) அரைப் புள்ளி கூடியதைத் தலைப்புச் செய்தியாக்கினால் அடி வாங்குவீங்க. குறைந்தது ஐந்து சீடில் (தற்செயல் தொடக்க எண்ணில்) ஓட்டி, சராசரியும் திட்டவிலக்கமும் கொடுங்க. பேஸ்லைனோடு (ஒப்பீட்டு மாடலோடு) ஒப்பிட வாக்கிய அளவில் பெயர்டு பூட்ஸ்ட்ராப்: டெஸ்ட் வாக்கியங்களைத் திரும்பத் திரும்ப மறுமாதிரி எடுத்து, வித்தியாசம் தற்செயலா என்று பார்ப்பது.

லிமிடேஷன்ஸ் பிரிவு கட்டாயம். இல்லாவிட்டால் ரிவ்யூவுக்கே போகாமல் திரும்பிவிடும். அதே தலைப்பில், முடிவுரைக்குப் பின், ரெஃபரன்ஸுக்கு முன். 8 பக்கக் கணக்கில் வராது. ‘தரவு குறைவு’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை: ‘தரவு செய்தி நடை, பேச்சுத் தமிழில் சோதிக்கவில்லை’ என்று எழுதுங்க. புது முடிவு எதையும் அங்கே நுழைக்காதீங்க.

குறில்நெடில்:
நன்றி. ஆசிரியர் பெயரை எடுத்துட்டேன். நான் யாரென்று ரிவ்யூவருக்குத் தெரியும்படி வேறு எதில் மாட்டும்?

அளபெடை:
கிட்ஹப் இணைப்பில். அனானிமஸ் ரெப்போவாக மாற்றுங்க. ‘எங்கள் முந்தைய பேப்பரில்’ என்பதைப் படர்க்கையாக்குங்க. நன்றியுரை கேமரா ரெடியில் (ஏற்கப்பட்டபின் தரும் இறுதிப் பிரதியில்) மட்டும்.

மெய்ப்புள்ளி:
ஏசிஎல் ஸ்டைல் ஃபைலில் (பக்க வடிவமைப்புக் கோப்பில்) ரிவ்யூ ஆப்ஷன் போட்டிருக்கீங்களா பாருங்க, வரி எண் அதில்தான் வரும். இடம் போதலைன்னு மார்ஜினைச் சுருக்கிடாதீங்க, அதுக்கும் திருப்பி அனுப்புவாங்க.