எஃபெக்டிவ்னெஸ்: ‘கண்டபயன்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் பற்றி நாம் தமிழில் எழுதும் கையேட்டில் ‘ரியல் வேர்ல்டு எஃபெக்டிவ்னெஸ்’ (அன்றாட வாழ்வில் ஒரு மருந்து தரும் பலன்) வந்த இடத்தில் தமிழ்ச் சொல் கிடைக்காமல் நின்றுவிட்டோம். மன்னார்குடி ஐயா சொன்ன ‘செயல்திறன்’ எனக்குப் போதவில்லை. மோட்டாருக்கும் அதையேதான் சொல்கிறோம். ‘மெய்யுலகத் திறன்’ என்றால் நோயாளிக்குப் புரியாது.

ஆய்வில் தெரிந்த பலனும் ஊரில் கிடைக்கும் பலனும் வேறு வேறு. சொல் அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். புது மருந்துகளின் ஆய்வுகளில் ஆளைப் பொறுக்கித்தான் சேர்க்கிறார்கள். காசநோய், கடுமையான சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பெரும்பாலும் வெளியே. இங்கே முடக்குவாதத்தோடு நடவுக்குப் போகும் ஓர் அக்காவை நினைத்துப் பாருங்கள். குறுவை நடவு நேரத்தில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. முடக்குவாதத்துக்கான புது மருந்துகளில் ஒன்றான அடாலிமுமாப் ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். உறங்கிக் கிடக்கும் காசநோயை அது கிளப்பிவிடலாம், அதனால் முதலில் அதற்கான சோதனை. இன்னொரு புது மருந்தான டோஃபாசிடினிப் மாத்திரைக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம், சரி. ஆனால் 50 வயதைத் தொட்டு, இதய நோய்க்கான காரணிகளும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு போன்றவையும் புற்றுநோயும் டிஎன்எஃப் தடுப்பு மருந்துகளைவிட (அடாலிமுமாப் அந்த வகைதான்) அதில் கூடுதல் என்று 2022இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. கூடவே பழைய மெத்தோட்ரெக்சேட்டும் இருக்கும். வாரம் ஒருமுறை போடவேண்டிய அதைத் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. இத்தனையும் தாண்டி அந்த அக்காவால் நாற்று முடியைப் பிடிக்க முடிகிறதா? அதைச் சொல்லும் சொல்தான் நமக்கு வேண்டும்.

நம் பக்கத்தில் ‘கண்டுமுதல்’ என்கிறோமே. நின்ற பயிரைப் பார்த்துப் போடும் மதிப்பு வேறு, அடித்துத் தூற்றிக் களத்தில் அளந்த கண்டுமுதல் நெல் வேறு. அதையொட்டி, ஆய்வில் தெரியும் பலனான எஃபிகசிக்கு ‘ஆய்வுப்பயன்’, ஊரில் கிடைக்கும் பலனான எஃபெக்டிவ்னெஸுக்குக் ‘கண்டபயன்’ என்கிறேன். ‘கண்டகண்ட’ என்ற பொருள் வந்துவிடுமோ என்று கும்பகோணம் அக்கா தயங்குவது நியாயம்தான். ‘இம்மருந்தின் கண்டபயன் ஆய்வுப்பயனைவிடக் குறைவு’ என்று வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள், அந்தக் குழப்பம் இல்லை.

அப்புறம் இன்னொன்று. பிரிட்டனில் 2001 முதல் அடாலிமுமாப் போன்ற ஊசிகள் போட்டுக்கொள்பவர்களைப் பதிவேட்டில் சேர்த்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். எத்தனை பேர் மருந்தை விடாமல் தொடர்கிறார்கள் என்பது அங்கே முக்கியமான அளவுகோல். ‘டிரக் சர்வைவல்’ என்பார்கள். பலன் இல்லாமலோ பக்கவிளைவாலோ நிறுத்துவதெல்லாம் அதில் தெரியும். அதற்கு ‘மருந்துத் தொடர்ச்சி’ போதுமா, ‘மருந்து நிலைப்பு’ நல்லதா? வாதநோய் மருத்துவர்கள் முதலில் சொல்லுங்கள்.