கோட்டோரில் மலை நடைக்கு எந்தப் பாதை நல்லது?

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் கடைசியில் மாண்டெனெக்ரோவின் கோட்டோர் போகிறோம். கோட்டைக்கு ஏறும் 1,350 படிகள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கும் நாளில் அங்கே ஒரே திருவிழாக் கூட்டமாம். எனக்கு ஆசையெல்லாம் மதிலுக்கு வெளியே கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறும் பழைய கோவேறு கழுதைப் பாதை மேல்தான். கிர்ஸ்டாட்ஸ் கணவாய் வரை சுமார் 900 மீட்டர் ஏற்றம். ஏறிவிடலாம், சரளைக் கல்லில் இறங்குவதுதான் கவலை. கூட வரும் அக்காவுக்கு முழங்கால் வலி. எதிர்ப்பக்கம் விர்மாட்ஸ் முகட்டில் ஆஸ்திரிய-ஹங்கேரியக் காலத்துப் பாழடைந்த கோட்டை ஒன்று இருக்கிறதே, அந்த வழி அவருக்கு ஒத்துவருமா? நடந்தவர்கள் சொல்லுங்கள். வழியில் நிழல், குடிதண்ணீர் கிடைக்குமா? அப்புறம், மழை பெய்தால் கல் ரொம்ப வழுக்குமா?