தீர்மானத்தின் மூன்றாவது முறை

சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலியில்தான் நான் முதன்முதலாகப் பரதநாட்டியத்தைப் படமெடுத்தேன். விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவை நம்பி விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்ததில், ஒரே இரவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்துவிட்டன. எனக்கு மிகவும் பிடித்த படத்தை, ஆடிய பெண்ணின் குருவிடம் காட்டினேன். அந்த அம்மா சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "படம் அழகா இருக்கு தம்பி, ஆனா அடவு இன்னும் முடியலையே" என்றார். அடவு என்பது பரதத்தின் அடிப்படை ஆட்ட அசைவு. அவர் சொன்ன பிறகே என் கண்ணுக்கும் தெரிந்தது: முழங்கை சற்றுத் தொங்கியிருந்தது, பார்வை கையைப் போய்ச் சேரவில்லை.

அவருடைய அனுமதியுடன் மூன்று மாதம் ஞாயிறுதோறும் வகுப்பின் ஓரத்தில் கேமரா இல்லாமல் உட்கார்ந்து, குரு தாளத்துக்காகத் தட்டும் தட்டுக்கழியின் ஓசைக்குத் தொடையில் தாளம் போட்டுப் பழகினேன். அங்கே கற்றதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். தாளச் சொற்களுக்கு ஆடும் பகுதி ஜதி; அதை முடிக்கும் அடவுக் கோவையான தீர்மானம் பெரும்பாலும் மூன்று முறை வரும். முதல் முறை, ஆடையின் முன்னுள்ள விசிறி மடிப்பு எந்தப் பக்கம் விரிகிறது, ஆடுபவர் எங்கே வந்து நிற்கிறார் என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது முறை அந்த இடத்தில் ஃபோகஸை வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது முறை, 'ததிங்கிணதொம்' என்பதன் கடைசி 'தொம்' விழுவதற்கு ஒரு கணம் முன்பே அழுத்திவிட வேண்டும். ஒலி காதில் விழுந்தபின் அழுத்தினால், கை இறங்கத் தொடங்கியிருக்கும்.

ஷட்டர் வேகத்தை 1/500 விநாடியில் வைத்தால் துள்ளும் காலும் தெறிக்கும் மல்லிகையும் துல்லியமாக நிற்கும். அதற்காக, கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றவும் நான் தயங்குவதில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் உறையவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முழங்காலைப் பக்கவாட்டில் மடித்து நிற்கும் அரைமண்டியில் உடல் அசையாதிருக்க, கை மட்டும் வீசும் இடங்களில் 1/15-க்கு இறக்கிப் பாருங்கள்: முகம் தெளிவாக இருக்கும், கை புகைபோலக் கரையும், சிவப்புத் தீட்டிய விரல்நுனிகள் காற்றில் ஒரு கோடு இழுத்திருக்கும்.

சிதம்பரம் கோபுர வாயில்களில் 108 கரணங்களும் செதுக்கப்பட்டுள்ளன. கரணம் என்பது கையும் காலும் சேர்ந்து இயங்கும் அசைவு. அதில் எந்தக் கணத்தைக் கல்லில் நிறுத்துவது என்று அந்தச் சிற்பிகள் தேர்ந்தெடுத்திருக்கிறார்களே, அதை நினைக்கும்போதெல்லாம் அவர்களை என் தொழிலின் மூத்தவர்களாகவே கருதுகிறேன்.

அடுத்த ஆண்டு அதே பெண்ணின் நிகழ்ச்சியில் நாற்பது படங்களே எடுத்தேன். ஒன்றில் மடிப்பு முழுதாக விரிந்திருக்கிறது, கண் விரல்நுனியில் நிற்கிறது, தாடையின் கீழே ஒரு வியர்வைத் துளி இன்னும் விழாமல் தொங்குகிறது. குரு அம்மா கேமராவின் திரையில் அந்த முழங்கையின் மேல் விரலை வைத்துப் பார்த்தார், தலையசைத்தார், "அடுத்ததைக் காட்டுங்க தம்பி" என்றார்.