லேபில் தப்பாக வந்த ரீடிங்: உங்களுக்கு என்ன நடந்தது?

பெரம்பூர் பயாலஜி டீச்சர்:
பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு கேனாங் போட்டோமீட்டர் (potometer) வைத்திருந்தேன். இலை நீரை ஆவியாக விடும் நீராவிப்போக்கை, குழாயில் ஒரு காற்றுக்குமிழி நகரும் தூரத்தை வைத்துக் கணிக்கும் கருவி அது. நாலு மேசை, எல்லாவற்றிலும் செம்பருத்திக் கிளை. மூன்று மேசையில் காற்றுக்குமிழி பத்து நிமிஷத்தில் ஏறக்குறைய ஒரே தூரம் நகர்ந்தது. நாலாவதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அங்கிருந்த பெண் ரப்பரால் அழித்துவிட்டுப் பக்கத்து மேசை எண்ணை எழுதப் போனாள். தடுத்தேன். "நாங்க என்ன தப்பு பண்ணோம் மிஸ்?" என்றாள், கண் கலங்க.

முதலில் இணைப்புகளில் வாசலின் ஒழுங்காகப் பூசியிருக்கிறதா என்று பார்த்தோம். கசிவு இல்லை. கிளையைத் தண்ணீருக்கு வெளியே வெட்டியிருந்தால் தண்டுக்குள் காற்று புகுந்து ரீடிங் குறையும், இங்கே கூடியிருக்கிறது. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த மேசைக்கு நேர் மேலே சீலிங் ஃபேன். இலையை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அது விலக்கிக்கொண்டே இருக்க, நீராவிப்போக்கு கூடிவிட்டது. ஃபேனை நிறுத்தி மறுபடி எடுத்தோம், இறங்கியது.

மதிய பேட்சுக்கு நாலு மேசையிலும் எண்கள் குறைந்தன. நம் சென்னையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் வெயில் தணியும், காற்றில் ஈரம் கூடும். அன்றிலிருந்து ஃபேன் ஓடியதா, மணி என்ன என்று ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்கிறேன். வெறுமனே "மனிதப் பிழை" என்று எழுதினால் மதிப்பெண் தருவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தக் கருவி அளப்பது கிளை உறிஞ்சிய நீரை. இலை வெளிவிட்ட நீர் அதற்கு நெருக்கமாக இருக்கும், சமமாக இருக்காது.

கொளத்தூர் அப்பா:
மகனின் ஒளிச்சேர்க்கை சோதனைக்காக இங்கே வண்ணமீன் கடையில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி வாங்கி வந்தேன். வெளிச்சம் பட்டால் அது விடும் ஆக்சிஜன் குமிழிகளை எண்ண வேண்டும். குண்டு பல்பைக் கிட்டே நகர்த்த நகர்த்தக் குமிழி கூடியது. வெளிச்சத்தால்தான் என்றான். பீக்கரைத் தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. தண்ணீர் சூடானாலே அதில் கரைந்த காற்று குமிழியாகக் கிளம்பும். எல்இடி விளக்குக்கு மாறி, ஒவ்வொரு தூரத்திலும் ஐந்து நிமிஷம் பொறுத்து எண்ணினோம். குமிழிகள் சிறிதும் பெரிதுமாக வருவதுதான் இன்னும் தொல்லை.

சைதாப்பேட்டை, பழைய மாணவி:
எச்சில் அமைலேஸ் சோதனையை என்னால் மறக்கவே முடியாது. ஸ்டார்ச்சைச் செரிக்கும் நொதி அது; ஸ்டார்ச் மிச்சமிருந்தால் அயோடின் பட்டதும் நீலமாகும். ஸ்டார்ச் கரைசலில் எச்சில் சேர்த்து மூன்று குழாய்: ஐஸில் ஒன்று, 37 டிகிரியில் ஒன்று, கொதிநீரில் ஒன்று. கொதிநீர்க் குழாயில் சூட்டோடு சூடாக அயோடின் விட்டேன், நீலம் வரவில்லை. ஸ்டார்ச் முழுக்கச் செரித்துவிட்டது, கொதிநிலையிலும் நொதி வேலை செய்கிறது என்று எழுதிவிட்டேன். சிரத்தையாகச் செய்திருந்ததால் என்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் சார் திட்டவில்லை. "அந்தக் குழாயை அப்படியே ஆற வைம்மா" என்றார். தாங்கியில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சூடு குறையக் குறைய அடர் நீலம் ஏறி வந்தது. ஸ்டார்ச் அப்படியே இருந்திருக்கிறது. நொதிதான் வெந்து செயலிழந்திருக்கிறது. சூட்டில் ஸ்டார்ச்-அயோடின் நிறம் மறையும், ஆறினால் திரும்பும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. முதலில் எழுதியதை ஒரே கோட்டால் அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதினேன். அந்த நோட்டு இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது.