நாயின் தோல் மடலில் நுனி நீலம் பாய்கிறது: ஆலோசனை தேவை

கால்நடை அறுவை மருத்துவர்களுக்கு வணக்கம். ஒரு நாயின் உள்தொடையில் கட்டியை அகற்றியபின் உண்டான பெரிய காயத்தை மூட, அடிவயிற்றுத் தோலை அதற்குரிய தமனி, சிரையோடு சேர்த்துத் தோலடித் தசைக்குக் கீழாகப் பிரித்தெடுத்துத் திருப்பி, தோல் மடலாக (அடிப்பகுதி உடலோடு இணைந்திருக்க, இடம் மாற்றப்படும் தோல்) தைத்திருக்கிறோம். தோலடி இரத்தநாள வலையை மட்டும் நம்பியிருக்கும் மடலைக் காட்டிலும், நேரடித் தமனி உள்ள மடல் அதிக நீளத்துக்கு உயிர்பிழைக்கும் என்பதே இதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

அடிப்பகுதி வெதுவெதுப்பாக இருக்கிறது. நுனி வீங்கி நீலம் பாய்ந்துள்ளது. ஊசியால் குத்தினால் கருஞ்சிவப்பு இரத்தம் உடனே கசிவதால், தமனியைவிடச் சிரை வழி வடிகாலே தடைபட்டிருக்கிறது என்று கருதுகிறேன் (அடிப்பகுதி முறுக்கிக்கொள்ளவில்லை, கட்டும் இறுகவில்லை).

இந்நிலையில் தேங்கிய இரத்தத்தை உறிஞ்ச மருத்துவ அட்டைப்பூச்சியைப் பயன்படுத்தியவர்கள் உண்டா? சில தையல்களை இப்போதே தளர்த்துவதா, அல்லது உயிருள்ள தோலின் எல்லை தெளிவாகும்வரை காத்திருந்து இறந்த பகுதியை நீக்குவதா?